பதினாறு புள்ளி ஒன்று

மனிதர்களில் ரிப்போர்ட் ரகம் என்று ஒரு ரகம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் தேடாதீர்கள், கிடைக்காது. அதிகாலையில் வெறும் வயிற்றோடு, லேபின் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே வாசலில் போய் நின்றுகொண்டு, பின்னால் வருகிற ஒவ்வொருவரிடமும் "நான்தான் முதல்" என்று சொல்லிக்கொண்டிருப்பாரே, அவர்தான் இந்த ரகம். நோயாளி போலிருக்கிறது, பாவம் என்று உச்சுக்கொட்டிவிடாதீர்கள். நோயாளிக்கு ஒரு நோய் இருக்கும், அதற்கு ஒரு மருந்து இருக்கும், குணமானதும் மனிதர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இவருக்கு நோய் எதுவும் கிடையாது. ரிப்போர்ட் மட்டும்தான்.

இவர்களைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. "சௌக்கியமா?" என்று கேட்டுப் பாருங்கள். "சௌக்கியம்" என்று பதில் வந்தால் பயமில்லை. மேற்கொண்டு மழை, அரசியல், பிள்ளைகளின் படிப்பு என்று எதை வேண்டுமானாலும் பேசலாம். "போன தடவைக்கு இந்தத் தடவை தேவலை" என்று தொடங்கினால், பஸ் வருகிறது என்று சொல்லிவிட்டு ஓடிவிடுங்கள். பஸ்ஸே வராத தெருவாக இருந்தாலும் பரவாயில்லை. நின்றீர்களோ, வைட்டமின் டி-யில் ஆரம்பித்து, நல்ல கொழுப்புக்கும் கெட்ட கொழுப்புக்கும் நடக்கிற சண்டையை விவரித்து, யூரிக் அமிலத்தைத் தொட்டு, உங்களுடைய எண் என்ன என்று கேட்டு, தெரியாது என்று நீங்கள் சொன்னால், தெரியாமலேயா இத்தனை வருஷம் உயிரோடு இருக்கிறீர்கள் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் விடுவார்.

இந்த ரகத்தில் முதல் தரமான ஒருவரை எனக்கு மிக நெருக்கத்தில் தெரியும். எவ்வளவு நெருக்கம் என்று இப்போது கேட்காதீர்கள். வயது ஐம்பத்திரண்டு. பெயிண்ட் தொழிற்சாலையில் க்வாலிட்டி பிரிவில் மேற்பார்வையாளர். மூன்றாவது மாடியில் வீடு, லிஃப்ட் கிடையாது. வீட்டில் மனைவியும், கல்லூரியில் படிக்கிற மகளும். லேபுக்கு எப்போது போனாலும் தடித்த நீல ஃபைல் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவதால், அங்கே ரத்தம் எடுக்கிற அம்மாள் அவரை "ஃபைல் சார்" என்றுதான் கூப்பிடுவார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஃபைல் சாருக்குப் பரீட்சை. பத்து நாள் இருக்கும்போதே சர்க்கரை நின்றுவிடும், எண்ணெய் நின்றுவிடும். காலையில் நடை, மாலையில் நடை, கடைசி இரண்டு நாள் வெறும் வெள்ளரிக்காய். முந்தின நாள் ஏழு மணிக்கே சாப்பாட்டை முடித்துவிட்டு, இனி பச்சைத் தண்ணீர் குடிக்கலாமா கூடாதா என்று வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்பார். மறுநாள் லேபில் கையை நீட்டி, முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து ஒட்டியாகிவிட்டதோ இல்லையோ, அடுத்த கட்டடத்து பேக்கரியில் நின்றுகொண்டு க்ரீம் பன் தின்பார். ஒன்று இல்லை, இரண்டு. ரத்தம்தான் கொடுத்தாகிவிட்டதே, இனி மூன்று மாதத்துக்கு இந்த உடம்பு என்ன செய்தாலும் யாருக்குத் தெரியப் போகிறது? உடம்புக்காக ரிப்போர்ட்டா, ரிப்போர்ட்டுக்காக உடம்பா என்று மகள் ஒரு நாள் கேட்டாள். படிக்கிற வேலையைப் பார் என்று பதில் வந்தது.

சாயங்காலம் போனில் ரிப்போர்ட் வந்து விழும். அதைப் போனிலேயே படித்துவிட மாட்டார், அது மரியாதை இல்லை. பிரிண்ட் எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, சிவப்புப் பென்சிலைச் சீவி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்வார். பதினான்கு பக்கங்களில் எழுபத்தைந்து எண்கள் இருக்கும். எழுபத்திரண்டு ஒழுங்காக இருக்கும். அவற்றை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எந்த எண்ணுக்குப் பக்கத்தில் கூடுதல் என்றோ குறைவு என்றோ போட்டு நட்சத்திரக் குறி வைத்திருக்கிறார்களோ, அந்த மூன்றோடுதான் அவருக்குப் பேச்சுவார்த்தை. இன்டர்நெட்டில் தேடுவார். ஒரு இடத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்று போட்டிருக்கும். அதை மூடிவிட்டு, பயப்படச் சொல்கிற இடம் கிடைக்கிறவரைக்கும் தேடுவார். கிடைத்ததும்தான் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். மனைவியின் பிறந்தநாள் எந்த மாதம் என்று கேட்டால் தலையைச் சொறிவார். மூன்று வருஷத்துக்கு முந்தின வைட்டமின் டி எவ்வளவு என்று கேளுங்கள், புள்ளிக்குப் பின்னால் உள்ளதையும் சேர்த்துச் சொல்வார்.

அறையை விட்டு வெளியே வரும்போது கையில் ஒரு தாள் இருக்கும். அது நேராக ஃபிரிட்ஜ் கதவில் போய் ஒட்டிக்கொள்ளும். அதுதான் அடுத்த மூன்று மாதத்துக்கு அந்த வீட்டின் சட்டம். யூரிக் அமிலம் கூடியபோது பருப்பு போயிற்று. கொழுப்பு கூடியபோது முட்டையின் மஞ்சள் போயிற்று; மகள் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளை மாடிப்படிப் பூனைக்குப் போட்டாள், பூனை நன்றாகத் தேறியது. பொட்டாசியம் துளி கூடியபோது வாழைப்பழம் வாசலைத் தாண்டி வரக்கூடாது என்று உத்தரவாயிற்று. எண் வருவது ஒருவர் உடம்பிலிருந்து, கட்டுப்பட வேண்டியது மூன்று வயிறு. இது என்ன நியாயம் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. மனைவி தாளைப் படிப்பாள், "சரி" என்பாள், மீதி என்ன இருக்கிறதோ அதைச் சமைப்பாள்.

போன வருஷம் ஃபெரிட்டின் என்று ஒன்றில் நட்சத்திரம் விழுந்தது. உடம்பு சேர்த்து வைத்திருக்கிற இரும்புச் சத்தைக் காட்டுகிற எண் அது. முந்நூற்றுக்குள் இருக்க வேண்டும். இவருக்கு முந்நூற்றுப் பதினெட்டு. கல்லீரலில் லேசாகக் கொழுப்பு ஏறினால் இப்படி வருவது சகஜம், அந்த க்ரீம் பன் வகையறாவைக் கொஞ்சம் குறையுங்கள் என்று குடும்ப டாக்டர் சொன்னார். க்ரீம் பன்னையா? இது என்ன பேச்சு? ஃபைல் சார் வீட்டுக்கு வந்து வேறு தாள் எழுதினார். கீரை கூடாது, ஈரல் கூடாது, பேரீச்சம்பழம் கூடாது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பின்னால் கையோடு ஒரு டம்ளர் கடுந்தேநீர். சாப்பாட்டில் இருக்கிற இரும்பை அது உடம்பில் ஒட்டவிடாது என்று எங்கேயோ படித்திருந்தார். ஒரு வேளைக்கு மூன்று டம்ளர், ஆளுக்கு ஒன்று. மகள் தன்னுடையதை அம்மா பக்கம் நகர்த்திவிடுவாள். வீணாகப் போகிறதே என்று அம்மா அதையும் சேர்த்துக் குடித்துவிடுவாள்.

இந்தச் சமயத்தில்தான் லேபில் தம்பதிப் பேக்கேஜ் என்று ஒன்று அறிவித்தார்கள். கணவன் பரிசோதனை செய்துகொண்டால் மனைவிக்கு இலவசம், வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போவார். மனைவிக்கு ஊசி என்றாலே பயம். எனக்கு எதுக்கு இதெல்லாம், நான் நல்லாத்தானே இருக்கேன் என்று நழுவப் பார்த்தாள். விடுவாரா? உட்கார வைத்தார். ரத்தம் எடுக்க வந்தவருக்கு அவளுடைய நரம்பு அகப்படவில்லை. இந்தக் கையில் இரண்டு குத்து, அந்தக் கையில் இரண்டு குத்து, ஒரு வழியாகக் கொஞ்சம் ரத்தம் வந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் இரண்டு முழங்கையும் கன்றிப்போய் நீலமாகிவிட்டன.

அன்றைக்கே லேபிலிருந்து தகவல் வந்தது. சாருடைய ரத்தம் சரியாக இருக்கிறது, அம்மாவுடையது ட்யூபிலேயே உறைந்துவிட்டது, நாளைக்கு மறுபடி எடுக்க ஆள் அனுப்புகிறோம். ஃபைல் சார் மனைவியின் கையைப் பார்த்தார். இதற்கு மேல் குத்தச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. இது உண்மை, இதை அவர் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அத்தோடு நிறுத்தி, வேண்டாம் என்று லேபுக்குச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனால் மனிதர் க்வாலிட்டி பிரிவு ஆயிற்றே. தொழிற்சாலையில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரே டின் பெயிண்டிலிருந்து இரண்டு சாம்பிள் எடுப்பார். ஒன்றை இன்றைக்கு ஒரு நம்பரில் அனுப்புவார், மற்றதை நாளைக்கு வேறொரு நம்பரில் அனுப்புவார். இரண்டும் ஒரே டின் என்று அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. இரண்டு முடிவும் ஒத்துப் போனால் சோதிக்கிறவர்கள் யோக்கியர்கள். ஒத்துப் போகாவிட்டால் அவ்வளவுதான், தொலைந்தார்கள். இப்படிப் பிடித்தே பெயர் வாங்கியவர். இத்தனை வருஷமாக ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறோமே, இந்த லேப் சொல்கிற எண்ணெல்லாம் நிஜமா என்று அவருக்குள்ளே ஒரு அரிப்பு எப்போதும் உண்டு. இதோ, இரண்டாவது நம்பர் ஒன்று தானாக மடியில் வந்து விழுந்திருக்கிறது. கை சும்மா இருக்குமா?

மறுநாள் மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து லேப் ஆளை வரச் சொன்னார். வந்தவர் வேறு ஆள், பைக்கை அணைக்காமல் வந்தவர். ட்யூபில் ஒட்டுகிற ஸ்டிக்கரில் பெயர் இருக்காது, கோடுகளும் ஒரு நம்பரும்தான். இந்த நம்பர் உங்களுதா என்று கேட்டார். "வீட்டு நம்பர்தான்" என்று சொல்லிக்கொண்டே ஃபைல் சார் சட்டையைச் சுருட்டிக் கையை நீட்டினார். இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது.

முடிவுகள் வந்தன. ஹீமோகுளோபின் அவர் பெயரில் பதினாறு, மனைவி பெயரில் பதினாறு புள்ளி ஒன்று. ஃபெரிட்டினும் அப்படியே, ஆறு எண் வித்தியாசம். ஃபைல் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. நாட்டில் இப்படி ஒரு லேபா என்று வீடெல்லாம் கேட்கச் சொன்னார். ஒரே ஒரு வேடிக்கை, அவர் பெயரில் சாதுவாக உட்கார்ந்திருந்த அதே பதினாறு, மனைவி பெயரில் நட்சத்திரம் வாங்கியிருந்தது. ஆண்களுக்கு ஒரு அளவுகோல், பெண்களுக்கு ஒரு அளவுகோல் என்பது ரத்தத்திலும் உண்டு. ஒரு பெண்ணுக்குப் பதினாறு என்பது கொஞ்சம் கூடுதல். இதை அவர் ரசித்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து எட்டிப் பார்த்து, என்னுது எப்படி இருக்கு என்று கேட்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனி வரை வந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் வெளியே வந்தது.

அவள் தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இருபத்தைந்து வருஷம் ஃபைல் சாரோடு குடித்தனம் நடத்தினவளுக்கு ரிப்போர்ட் படிக்கத் தெரியாதா? "உங்களைவிட எனக்குத்தான் கூட" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அந்த வீட்டில் முதல் தடவையாக அவளுக்கென்று ஒரு எண், அதுவும் வீட்டுக்காரரை விடப் புள்ளி ஒன்று கூடுதலாக. அன்றைக்கே நாத்தனாருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். கீழ்வீட்டு டெய்லரிடம் சொன்னாள். ஃபைல் சார் அந்தத் தாளின் மூலையில் பென்சிலால் 'சோதனை' என்று ஒரு வார்த்தை எழுதிவைக்க நினைத்தார். அவள் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் எழுத முடியவில்லை. அப்புறம் மறந்துவிட்டார்.

நான்கு மாதம் போயிற்று. மனைவிக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மூன்றாவது மாடியில் வந்து நிற்பாள், பிறகு இரண்டாவதிலேயே நின்றாள், பிறகு முதல் மாடியிலும் நின்றாள். மத்தியானத்தில் படுக்காதவள் படுத்தாள். துணி காயப்போடும்போது கண் இருட்டுகிறது என்று கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஃபைல் சார் இதைக் கவனித்தாரா? கவனித்தார். வயசாகிறது, நடை போதாது என்று தாளில் 'தினம் அரை மணி நடை' என்று ஒரு வரியைச் சேர்த்தார்.

மகள்தான் அம்மாவை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனாள். போகும்போது அப்பாவின் நீல ஃபைலிலிருந்து அம்மாவின் ரிப்போர்ட்டை உருவி எடுத்துக்கொண்டு போனாள். பொறுப்பான பெண். வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள், டாக்டருக்கு முகத்தைப் பார்க்க நேரமில்லை, ரிப்போர்ட்டைப் பார்த்தார். பதினாறு புள்ளி ஒன்று. இரும்புச் சேமிப்போ பெண்களுக்குச் சொன்ன அளவைப்போல் இரண்டு மடங்கு. ரத்தம் கொட்டிக் கிடக்கிறது, இரும்புச் சத்து மாத்திரை ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள், மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள், நன்றாக நடங்கள், ஆறு மாதம் கழித்து ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் வீட்டுக்கு வந்து சந்தோஷமாக இதைச் சொன்னாள். அடுத்த நாளிலிருந்து டாக்டர் சொன்னபடி, மூன்று மாடியையும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கூடுதலாக ஏறி இறங்கத் தொடங்கினாள்.

அந்த டாக்டரை நம்ப வைத்த தாளில் இருப்பது யாருடைய ரத்தம் என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் ஹாலில் உட்கார்ந்து பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டில் ஏறுகிற செருப்புச் சத்தம் எங்கே நிற்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். சொன்னால் மானம் போய்விடும். மகள் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால்? அதை நினைத்துப் பார்க்கவே தைரியம் இல்லை.

சுற்றி வளைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை உனக்கு டெஸ்ட் பண்ணிடலாமே என்றார். நாலு மாசம்தானே ஆச்சு, மறுபடி எதுக்குக் குத்திக்கணும் என்றாள் அவள். லேபில் ஏதாவது தப்பாகப் போட்டிருக்கலாம் என்று மென்று முழுங்கினார்.

"நீங்கதானே சொன்னீங்க, இந்த லேப்ல புள்ளி ஒண்ணுகூடத் தப்பாதுன்னு?" என்றாள்.

அவர் மறுபடியும் பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. க்ரீம் பன்கூட இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் இரண்டு பேரும் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தார்கள். முதல் மாடித் திருப்பத்தில் அவள் நின்றாள். "நீங்க போங்க, வரேன்" என்றாள். கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்களை ஃபைல் சார் பார்த்தார். நகத்துக்கு அடியில் சிவப்பு என்று ஒன்றுமே இல்லை, பழைய காகிதம் மாதிரி இருந்தது. இவ்வளவு நாள் இந்தக் கை எங்கே இருந்தது? தினமும் மூன்று வேளை அவர் முன்னால் டம்ளரை வைத்த கை. அவள் மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள். அவரும் பையை வைத்துவிட்டு ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"அந்த ரிப்போர்ட் உன்னுது இல்ல" என்றார்.

"எது?"

"பதினாறு. அது என் ரத்தம். உன்னுது உறைஞ்சுபோச்சுன்னு லேப்ல திருப்பிட்டாங்க. மறுநாள் உன் நம்பர்ல நான் கைய நீட்டிட்டேன்."

கீழே டெய்லரின் மிஷின் ஓடி நின்றது.

"ஏன்?"

"உன் கை ரெண்டும் கன்னிப்போயிருந்துச்சு. மறுபடி குத்த வேணாம்னுதான்."

"அதுக்கு மட்டுமா?"

பொய் சொல்ல இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. ஃபைல் சார் அதை விட்டுவிட்டார். "லேப்ல ஒழுங்கா பண்றாங்களான்னு பாக்கவும்தான்" என்றார்.

"பண்ணினாங்களா?"

"பண்ணினாங்க."

அவள் கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. "உங்க அக்காகிட்ட வேற சொல்லித் தொலைச்சேனே" என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிக்க மூச்சு போதவில்லை. ஃபைல் சாருக்கு அழுகை வந்துவிட்டது. மாடிப்படியில், காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயது ஆள் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். மேலே போகலாம் வாங்க, யாராவது வந்துடப் போறாங்க என்று அவள்தான் அவரைக் கிளப்பினாள்.

மறுநாள் லேப் வாசலில் ஷட்டர் தூக்குவதற்கு முன்பே போய் நின்றார்கள். ஃபைல் சாருடைய கக்கத்தில் ஃபைல் இல்லாததைப் பார்த்து, ரத்தம் எடுக்கிற அம்மாள், உடம்பு சரியில்லையா சார் என்று கேட்டார். பிறகு மனைவியை உட்கார வைத்து, கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். அங்கே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. அந்த அம்மாள் ஃபைல் சாரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். கையில் வெந்நீர்ப் பை கொடுத்து, கால் மணி நேரம் காத்திருந்து, ஒரே குத்தில் எடுத்துவிட்டார்.

ரிப்போர்ட் வந்து விழவில்லை, போன் வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்; எண் ஆபத்தான அளவுக்குப் போனால் லேபிலிருந்து தாள் வரும்வரை காத்திருக்க மாட்டார்கள், போன் போட்டுச் சொல்லிவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் ஃபைல் சாருக்கு அப்படி ஒரு போன் வந்ததே கிடையாது. அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் குறைகூட இருந்தது. இப்போது வந்துவிட்டது. ஆறு புள்ளி எட்டு சார், இன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்றார் அந்த அம்மாள். சேமிப்பில் இரும்பு எவ்வளவு என்று இவர் கேட்டார். நான்கு. முந்நூற்றுப் பதினெட்டுக்குப் பயந்து மூன்று டம்ளர் தேநீர் ஊற்றின வீட்டில், நான்கு.

டாக்டரிடம் ஃபைல் சார் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் அவரை ஒரு முறை, தன் மேசை மேல் இருந்த பழைய ரிப்போர்ட்டை ஒரு முறை பார்த்தார். அவருக்கும் அதில் ஒரு பங்கு இருந்ததால் யாரையும் கோபித்துக்கொள்ள முடியவில்லை. இந்தத் தடவை தாளைத் தள்ளி வைத்துவிட்டு அவளையே பார்த்துக் கேட்டார். ஒன்றரை வருஷமாக மாதாமாதம் ரத்தப்போக்கு பத்துப் பன்னிரண்டு நாள் நிற்காமல் போகிறது என்று அவள் சொன்னாள். எழுபத்தைந்து எண் போடுகிற பேக்கேஜில் இந்தக் கேள்வி எந்தப் பக்கத்திலும் கிடையாது. ஸ்கேன் எடுத்ததில் கர்ப்பப்பையில் கட்டி என்று தெரிந்தது. கெட்ட கட்டி இல்லை. இரும்புச் சத்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள், அதற்குப் பிறகு ஒரு சின்ன ஆபரேஷன்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார் ஃபைல் சார், ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

"எங்க கேட்டீங்க?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போது அந்த வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் தாள் இல்லை. கீரை வந்துவிட்டது, பேரீச்சம்பழம் வந்துவிட்டது. தேநீர் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் தள்ளிப் போய்விட்டது. போன வாரம் அவளுக்குப் பதினொன்று புள்ளி இரண்டு. மூன்று மாடியையும் ஒரே ஒரு இடத்தில் நின்று ஏறிவிடுகிறாள். பழைய பதினாறு புள்ளி ஒன்றைக் கிழித்துப் போடலாம் என்று ஃபைல் சார் எடுத்தபோது அவள் விடவில்லை. அதற்குப் பின்பக்கத்தில் பலசரக்குப் பட்டியல் எழுதி, கையில் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறாள். இன்னும் பதின்மூன்று பக்கம் மீதி இருக்கிறது.

இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? இதை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் படிக்கக் கொடுத்தேன். இந்த 'ஃபைல் சார்' வேஷமெல்லாம் யாருக்காக என்று அவள் கேட்கவில்லை. கடைசிவரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "எல்லாம் சரிதான். ஆனா இதுலயும் முக்காவாசி உங்க நம்பராத்தான் இருக்கு. என்னுது கடைசியிலதான் வருது" என்றாள். நான் பக்கங்களைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? மேலே முந்நூற்றுப் பதினெட்டு என்று வந்தபோது, நமக்கு எவ்வளவு என்று மனசுக்குள் ஒரு நொடி தேடினீர்களா, இல்லையா? சரி, விடுங்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் இன்னொருவர் இருக்கிறாரே, இன்றைக்கு அவர் மாடிப்படியில் எத்தனை இடத்தில் நின்றார் என்று சொல்லுங்கள் பார்ப்போம். தெரியாதா? அப்படியானால் நாளைக் காலையில் லேப் வாசலுக்கு வந்து எனக்குப் பின்னால் நில்லுங்கள். நான்தான் முதல்.